பழைய துண்டும் புதிய ஒப்பந்தமும்

கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டையை அடுத்த தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் அண்மையில் நம்மைத் தேடி வந்தான். சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் இருந்தவன். கையில் நான்கு தாள்கள். நான்கும் ஆங்கிலத்தில் இருந்தன. "சேர், கம்பனிச் செலவுலயே பெரிய லொறி ஓட்டப் பழக்குறாங்களாம். லைசன்சும் எடுத்துத் தருவாங்களாம். அம்மாவும் கையெழுத்துப் போடணுமாம். போடலாமா?" என்று கேட்டான்.

தாள்களைப் படித்தோம். பயிற்சிக் கட்டணம், மருத்துவச் சான்றிதழ், பரீட்சைக் கட்டணம், தங்குமிடம் யாவற்றையும் கம்பனியே ஏற்கும் என்றது முதல் தாள். பயிற்சி முடிந்தபின் மூன்று ஆண்டுகள் அக்கம்பனியிலேயே வேலை செய்ய வேண்டும் என்றது இரண்டாம் தாள். இடையில் விலகினால், எக்காரணத்தால் விலகினும், கம்பனியே விலக்கினும், மூன்று இலட்சம் ரூபாவை ஒரே தடவையில் செலுத்த வேண்டும் என்றது மூன்றாம் தாள். பிறப்புச் சான்றிதழும் கல்விச் சான்றிதழ்களும் மூலப் பிரதிகளாகவே கம்பனியின் வசம் இருக்கும் என்பதும் அதில் இருந்தது. நான்காம் தாளில் பிணையாளர் இருவர் ஒப்பமிட இடம் விடப்பட்டிருந்தது. ஓரிடத்தில் அவனுடைய தாயின் பெயர் முன்கூட்டியே தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தது.

அத்தாய் இறப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். 2024ஆம் ஆண்டில் வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டோம். மூன்று இலட்சம் என்பது 222 நாட் சம்பளம். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அறிவித்த 1,550 ரூபாவை வைத்துக் கணக்கிட்டாலும் 194 நாட் சம்பளம். அதாவது, உண்ணாமல், உடுக்காமல், மழைக்கு ஒரு நாளும் வெட்டு நிற்காமல் ஏறத்தாழ எட்டு மாத உழைப்பு. மகன் ஒரு லொறியின் இருக்கையில் ஏறி அமர்வதற்குத் தாயின் எட்டு மாதம் ஈடு வைக்கப்படுகிறது. இதைத்தான் அத்தாள்களின் மேலே "இலவசப் பயிற்சி" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

நாம் எதை எதிர்க்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கி விடுகிறோம். சபரகமுவத் தோட்டங்களின் பிள்ளைகள் சாரதிகளாவதை நாம் எதிர்க்கவில்லை. தோட்டத்திலேயே கிடந்து கொழுந்தெடுத்தும் பால் வெட்டியும் பரம்பரையைக் கழிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் தோட்டத் துரைமார்களாக இருக்கலாம், நாமல்ல. ஒரு நிறுவனம் தன் செலவில் தொழில் பழக்குவதையும் நாம் குறை கூறவில்லை. பழக்கிய செலவைக் கடனாக மாற்றி, அக்கடனைக் கொண்டு மனிதனைக் கட்டிப் போடுவதையே நாம் எதிர்க்கிறோம்.

இளைஞர்கள் ஏன் அவ்வாசனத்தை நாடுகிறார்கள் என்பது விளங்காத விஷயமன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் நுவரெலியாவைப் போல ஒன்றையொன்று தொட்டுப் பரந்து கிடப்பவை அல்ல. இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, தெரணியகலை, தெஹியோவிற்ற என்று சிங்களக் கிராமங்களுக்கிடையே திட்டுத் திட்டாகக் கிடப்பவை. தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் வெளியூர் செல்ல வேண்டிய நிலை பல பிள்ளைகளுக்கு உண்டு. 1977இலும் 1981இலும் இப்பகுதித் தோட்ட மக்கள் தாக்கப்பட்டுக் குடும்பம் குடும்பமாக இடம்பெயர்ந்ததை முதியோர் இன்னும் மறக்கவில்லை. இத்தகைய ஒரு சமூகத்து இளைஞனுக்கு வீதி என்பது வெளியுலகம். அவ்வீதியில் கண்ணெதிரே ஓடுவது லொறி. களனிவெளி இரயில் பாதை ஒருகாலத்தில் அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை சென்றது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி 1976இல் மூடப்பட்ட பின்னர், தேயிலைப் பெட்டியும் இறப்பர்ச் சிப்பமும் அரிசியும் பசளையும் சீமெந்தும் லொறியையே நம்பியிருக்கின்றன.

முன்பு இத்தொழிலுக்கு வந்தவர்கள் வந்த வழி வேறு. பதினைந்து பதினாறு வயதில் கிளீனராகச் சேர்வான். லொறி கழுவுவான், மூட்டை ஏற்றுவான், பின்னால் நின்று 'வரட்டும், வரட்டும்' என்று குரல் கொடுப்பான், டிரைவரின் தேநீர்க் கோப்பையைக் கழுவுவான். டிரைவர் மனம் இளகிய ஓர் இரவில், வெறிச்சோடிய வீதியில், 'பிடிடா ஸ்டியரிங்கை' என்பார். அப்படி ஐந்தாறு ஆண்டுகள் கடந்தபின் எப்படியோ ஓர் அனுமதிப்பத்திரம் வந்து சேரும். அவ்வழி நல்ல வழி என்று நாம் சொல்லவில்லை. அது ஆபத்தான வழி. அடிமை வழியும் கூட. இன்று முதலில் இலகுரக வாகன அனுமதிப்பத்திரம், பின்னர் கனரக வாகன அனுமதிப்பத்திரம், தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை என்று படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் பணம் கேட்கப்படுகிறது. கொழும்புப் பயணமும் நாட்சம்பள இழப்பும் அதனோடு சேர்கின்றன. லயத்துப் பிள்ளையிடம் அப்பணம் இல்லை. இந்த இல்லாமையின் வாசலில்தான் கம்பனிக்காரன் தாள்களோடு வந்து நிற்கிறான்.

இவ்வாசலில் இதற்கு முன்னரும் ஒருவன் வந்து நின்றான். அவன் பெயர் கங்காணி.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சமும் சாதிக் கொடுமையும் வாட்டிய காலத்தில், தோட்டத் துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கங்காணி ஊர் சென்றான். வழிச் செலவு தருகிறேன், சோறு தருகிறேன், கம்பளி தருகிறேன் என்றான். அவன் தந்த ஒவ்வொன்றும் கணக்கில் ஏறியது. மலைக்கு வந்து சேர்ந்தபோது கூலியாள் கடனாளியாகவே வந்து சேர்ந்தான். கடன் தீராமல் தோட்டத்தை விட்டு வெளியேற இயலாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டோடுவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. வேறு தோட்டம் செல்ல விரும்பினால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று எழுதிய ஒரு காகிதத்தைத் துரை கொடுப்பான். அக்காகிதத்தின் பெயர் துண்டு. கங்காணி அத்துண்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் செல்வான். எந்தத் துரை அத்தொகையைக் கட்டுகிறானோ அவனுக்குக் கூட்டம் முழுதும் சொந்தம். கூலியாளின் கடனே அவனது விலையாயிற்று. பிரட்டுக்களத்தில் நின்றவன் தன் தலைமீது எவ்வளவு தொகை எழுதப்பட்டிருந்தது என்பதையே பல வேளைகளில் அறிந்திருக்கவில்லை.

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அது எவருடைய கருணையாலும் ஒழியவில்லை. இந்தியாவில் எழுந்த கண்டனமும், கூலியாட்கள் கிடைக்காமற் போய்விடுவரோ என்ற தோட்டக்காரரின் அச்சமும், இங்கே தொழிலாளர் நிலையை வெளியுலகுக்கு எடுத்துக்காட்டிய சிலரின் விடாமுயற்சியும் சேர்ந்தே அதைச் சாய்த்தன. பின்னர் 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் கண்டார். இவை நம் மாணவர் அறிய வேண்டிய வரலாறு. தோட்டப் பிள்ளையின் பாட்டனைக் கட்டியிருந்த கயிறு எது, அது எப்படி அறுந்தது என்பதை நம் வகுப்பறைகளில் எத்தனை பேர் சொல்லிக் கொடுக்கிறோம்?

இப்போது அந்த நான்கு தாள்களையும் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கங்காணி வழிச் செலவைக் கணக்கில் எழுதினான். கம்பனி பயிற்சிச் செலவை எழுதுகிறது. கங்காணி எழுதிய கணக்கைக் கூலியாள் சரிபார்க்க இயலாது. மூன்று இலட்சம் எப்படி வந்தது என்பதற்கு அத்தாள்களிலும் விவரம் இல்லை. கடன் தீரும்வரை தோட்டம் விட்டு நகர இயலாது என்றது பழைய முறை; மூன்று ஆண்டு முடியும்வரை வேலையை விட்டு நகர இயலாது என்கிறது புதிய முறை. குடும்பம் முழுதும் ஒரே கணக்கில் பிணைக்கப்பட்டது அன்று. தாயும் மாமனும் பிணையாளராகப் பிணைக்கப்படுகின்றனர் இன்று.

வேற்றுமைகளும் உண்டு. இன்று வேலையை விட்டவனைச் சிறையில் அடைக்கச் சட்டம் இல்லை. கட்டாய உழைப்பை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1950இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மூன்றாண்டு கழிந்தால் கட்டு அவிழும். கையில் அனுமதிப்பத்திரம் இருக்கும். ஆகவே இரண்டும் ஒன்றே என்று நாம் வாதிடவில்லை. ஆனால் இரண்டினதும் உள்ளே இருக்கும் தத்துவம் ஒன்று: உழைப்பாளியைத் தக்கவைத்துக்கொள்ள நல்ல சம்பளமும் நல்ல நடத்தையும் கொடுப்பதைவிட, அவன் தலையில் ஒரு தொகையை எழுதி வைப்பது முதலாளிக்கு மலிவானது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தை நாம் அறிவோம். "கம்பனி பணம் செலவழித்துப் பழக்குகிறது. பழகியவுடன் அவன் வேறிடத்துக்கு ஓடினால் கம்பனிக்கு நட்டமல்லவா? நட்டம் வரும் என்றால் எவன் பழக்குவான்?" இது நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆராய்ந்தால் மூன்று இடங்களில் இற்றுப் போகும்.

முதலாவது, செலவுக்கும் தண்டத்துக்கும் தொடர்பில்லை. உண்மையான செலவுதான் திரும்பப் பெறப்படுகிறது என்றால் அச்செலவின் கணக்கைத் தாளிலேயே எழுதலாம். வேலை செய்த ஒவ்வொரு மாதமும் அதில் ஒரு பங்கு கழிய வேண்டும். முப்பத்தைந்தாம் மாதத்தில் விலகுகிறவனும் முதல் மாதத்தில் விலகுகிறவனும் ஒரே மூன்று இலட்சத்தைக் கட்ட வேண்டும் என்றால், அது செலவை மீட்பதன்று, அச்சுறுத்தல்.

இரண்டாவது, பழகுகிறவன் சும்மா இருந்து பழகுவதில்லை. பயிற்சிக் காலத்திலேயே அவன் மூட்டை ஏற்றுகிறான், இறக்குகிறான், இரவுப் பயணத்தில் உதவியாளனாக அமர்கிறான். அவ்வுழைப்புக்குக் குறைந்த சம்பளம் கொடுக்கப்படுகிறது. சில இடங்களில் படிக்காசு மட்டுமே. கம்பனியின் செலவைக் கணக்கிடுகிறவர்கள் இவ்வரவைக் கணக்கிடுவதில்லை.

மூன்றாவது, ஒருவன் பழக்க மற்றொருவன் பறித்துக்கொள்ளும் சிக்கல் முதலாளிகளுக்கிடையிலான சிக்கல். அதைத் தீர்க்கும் சுமையைத் தொழிலாளியின் தாய் ஏன் சுமக்க வேண்டும்? உலகம் இதற்கு வேறு வழிகளைக் கண்டிருக்கிறது. பிரித்தானியாவில் 1964ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம், ஒவ்வொரு தொழில்துறையிலும் நிறுவனங்களிடம் தீர்வை அறவிட்டு அதிலிருந்து பயிற்சிக்குப் பணம் கொடுக்க வழி செய்தது. 1966இல் வீதிப் போக்குவரத்துத் துறைக்கென்றே ஒரு பயிற்சிச் சபை அமைந்தது. பழக்காத நிறுவனமும் பங்கு கொடுத்தது. பழக்கிய நிறுவனத்துக்கு மானியம் கிடைத்தது. தொழிலாளியின் தலையில் எதுவும் எழுதப்படவில்லை. சிங்கப்பூர் 1979 முதல் முதலாளிகளிடம் திறன் மேம்பாட்டுத் தீர்வை அறவிடுகிறது. இவை சோசலிச நாடுகள் அல்ல. முதலாளித்துவம் தன் சொந்த நலனுக்காகவே செய்துகொண்ட ஏற்பாடுகள். அவ்வளவேனும் இங்கு ஏன் இயலாது?

இலங்கையிலும் அடித்தளம் இல்லாமலில்லை. 1971இல் தேசிய பயிலுநர் சட்டம் இயற்றப்பட்டது. 1995இல் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிறுவப்பட்டது. தேசிய தொழில் தகைமை என்னும் சான்றிதழ் முறையும் வந்தது. ஆயினும் தோட்டத்து இளைஞனின் வாசலுக்கு முதலில் வந்து சேர்வது அரசின் பயிற்சி அதிகாரியா, கம்பனியின் ஆள்சேர்ப்புக்காரனா என்று ஊர் ஊராகக் கேட்டுப் பாருங்கள். அரசு விட்ட வெற்றிடத்திலேயே துண்டு மீண்டும் முளைக்கிறது.

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 'கம்பனி செலவில் லொறிப் பயிற்சி' என்பதன் பெரிய களம் அமெரிக்கா. அங்கே கனரக லொறிக் கம்பனிகள் ஆட்களைத் திரட்டித் தம் சொந்தப் பள்ளிகளில் பழக்கி, ஓராண்டுக் காலமோ அதற்கு மேலோ வேலை செய்யாவிட்டால் பயிற்சிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குவது நெடுநாள் வழக்கம். விலகியவர்கள்மீது கடன் வசூலிப்பவர்கள் ஏவப்பட்டனர், வழக்குகள் எழுந்தன. 2022இல் அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம், முதலாளிகள் தொழிலாளர்மீது சுமத்தும் இத்தகைய கடன்களைப் பற்றி விசாரணை தொடங்கியது. 2025இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றி, 2026 ஜனவரி 1 முதல் செய்யப்படும் வேலை ஒப்பந்தங்களில் 'தங்கு அல்லது பணத்தைக் கட்டு' என்னும் நிபந்தனைகளைப் பெரும்பாலும் தடை செய்தது; அங்கீகரிக்கப்பட்ட பயிலுநர் திட்டங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தது. முதலாளித்துவத்தின் தாயகத்திலேயே ஒரு மாநிலம் 'இது தகாது' என்று சொல்லும் முறையை, இங்கே சிலர் புத்தம் புதிய வாய்ப்பாக விற்கிறார்கள்.

இன்னொரு விஷயம் உண்டு. இது தோட்டப் பிள்ளைகளுக்கு மட்டுமன்று, வீதியில் செல்லும் ஒவ்வொருவருக்கும் உரிய விஷயம். லொறிச் சாரதிக்கு இருக்க வேண்டிய முதல் உரிமை 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை. பிரேக் சரியில்லை, எடுக்க மாட்டேன். அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறீர்கள், ஓட்ட மாட்டேன். நேற்றிரவு முழுதும் ஓட்டினேன், இன்றிரவு மாட்டேன் என்று சொல்ல இயன்றவனே பாதுகாப்பான சாரதி. அட்டன் வீதியில் கினிகத்தேனை ஏற்றத்தையும், பலாங்கொடைக்கு அப்பால் பெரகலை வளைவுகளையும், கண்டி வீதியில் கடுகண்ணாவைக் கணவாயையும் பார்த்தவர்களுக்கு அந்த 'மாட்டேன்' எத்தனை உயிர் பெறும் என்பது தெரியும். மூன்று இலட்சம் தலைமேல் தொங்கும் இளைஞன் அதைச் சொல்வானா? சொன்னால் வேலை போகும். வேலை போனால் தாய் பணம் கட்ட வேண்டும். அவன் சாவியைத் திருப்புவான். மறுநாள் செய்தித்தாளில் 'சாரதியின் கவனயீனம்' என்று எழுதுவார்கள். ஒப்பந்தத்தின் மூன்றாம் தாளைப் பற்றி எவரும் எழுதமாட்டார்கள்.

மொழியையும் நாம் கவனிக்க வேண்டும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. ஆனால் ஒரு தமிழ் இளைஞனின் மூன்றாண்டு வாழ்வைத் தீர்மானிக்கும் தாள் ஆங்கிலத்தில் வருகிறது. விளக்கம் சிங்களத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. ஒப்பம் மட்டும் தமிழில் வாங்கப்படுகிறது. விளங்காத தாளில் வாங்கிய ஒப்பத்தைச் சம்மதம் என்று சொல்வதை நாம் ஏற்க மறுக்கிறோம்.

இங்கே பிறரை மட்டும் சாடிவிட்டுப் போவது நேர்மையாகாது. தோட்டத் தொழிற்சங்கங்கள் தோட்டத்துக்குள் சந்தா செலுத்துகிறவரையே அங்கத்தவராகக் காண்கின்றன. அவருடைய மகன் லொறியில் ஏறியவுடன் சங்கத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறான். மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலுக்கென்று ஒரு சம்பளச் சபை நாட்டில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து அத்தொழிலுக்குச் சென்றவனுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. இடதுசாரிகளாகிய நாமோ தோட்டத் தொழிலாளி என்றவுடன் கூடை சுமந்த பெண்ணின் சித்திரத்தை அட்டையில் போட்டு மனநிறைவு அடைகிறோம். அக்கூடைக்காரியின் பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் லொறிகளிலும் புதிய பாட்டாளிகளாகிவிட்டதை நம் ஏடுகள் போதிய அளவு எழுதவில்லை. ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. தொழில் வழிகாட்டல் முகாம் என்று பாடசாலை மண்டபத்தைத் திறந்து கொடுக்கிறோம். வந்தவருக்கு மாலை போடுகிறோம். அவர் வைத்துவிட்டுப் போன தாளைப் படித்தோமா?

ஆகவே நாம் கோருவன இவை. பயிற்சிக்காகத் தொழிலாளியிடமோ அவனது குடும்பத்திடமோ கடனெழுதி வாங்குவதைச் சட்டம் தடை செய்ய வேண்டும். அது வரும்வரை, உண்மைச் செலவு மட்டுமே, கணக்கோடு எழுதப்பட்டு, மாதந்தோறும் கழிய வேண்டும். கம்பனியே விலக்கினாலோ, பாதுகாப்பற்ற வாகனத்தை ஓட்ட மறுத்ததால் வேலை போனாலோ, நோயுற்றாலோ எதுவும் அறவிடக் கூடாது. குடும்பத்தினரைப் பிணையாளராக்குவதும் மூலச் சான்றிதழ்களைப் பறித்து வைப்பதும் உடனே நிற்க வேண்டும். ஒப்பந்தம் கையொப்பமிடுகிறவரின் மொழியில் இருக்க வேண்டும்; வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க அவகாசம் வேண்டும். போக்குவரத்து நிறுவனங்களிடம் பயிற்சித் தீர்வை அறவிட்டு, இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தமிழ்மொழியிலும் கற்பிக்கும் அரச கனரக வாகனப் பயிற்சி நிலையங்கள் அமைய வேண்டும். அந்நிலையங்களில் தோட்டத்துப் பிள்ளையும் கிராமத்துச் சிங்களப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர வேண்டும். ஏனெனில் இந்தத் தாள்களில் இருவரும்தான் ஒப்பமிடுகிறார்கள்.

கோரிக்கைகள் நிறைவேறக் காலமெடுக்கும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சபரகமுவவில் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரிய நண்பரும், விடுமுறைக்குத் தோட்டம் திரும்பும் ஒவ்வொரு பல்கலைக்கழக மாணவரும், வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, வாசகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ அமர்ந்து, வருகிறவர்களின் ஒப்பந்தத் தாள்களைத் தமிழில் படித்துக் காட்டலாம். மொத்தத் தொகை எவ்வளவு, எப்படி வந்தது, மாதந்தோறும் கழிகிறதா, யார் பிணை, எந்தக் காரணங்களுக்கு விலக்கு என்ற ஐந்து கேள்விகளைக் கேட்கப் பழக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆளில்லாத குறை இன்று இருக்கக் கூடாது.

அந்த இளைஞனுக்கு நாம் என்ன சொன்னோம்? 'ஒப்பமிடாதே' என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. ஒப்பமிடாவிட்டால் வேறு வழி என்ன என்று அவன் கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் ஒரு பயிற்சி நிலையம் இல்லை. நான்கு தாள்களையும் வரி வரியாகத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். அவன் அதை வீட்டுக்குக் கொண்டு போனான். இரு நாள் கழித்து வந்தான். தாயின் பெயர் மீது கோடு இழுத்திருந்தான். மாதந்தோறும் கடன் கழிய வேண்டும் என்றும், சான்றிதழ்களின் பிரதிகளையே தருவதாகவும் ஓரத்தில் எழுதியிருந்தான். "அம்மா பேரை எடுத்தா நான் வர்றேன்னு சொல்லியிருக்கேன் சேர்" என்றான். கம்பனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

ஒருவன் தனியாகக் கோடு இழுத்தால் கம்பனி அடுத்த தோட்டத்தில் வேறொருவனைத் தேடிக்கொள்ளும். இறக்குவானையிலும் தெரணியகலையிலும் காவத்தையிலும் வருகிற ஒவ்வொரு தாளிலும் அதே கோடு விழுமானால் கம்பனி தாளை மாற்றி எழுதியே தீரும். அக்கோட்டை இழுக்கக் கற்றுக்கொடுப்பது நம் தொழிலின் ஒரு பகுதி என்று கருதுகிறோம். அதற்காகவே இதை எழுதினோம்.